கழுத்தின் உரிமை

வி.ஆர். என்னும் மெய்நிகர் உலகப் படிப்பின் தொடக்க வாரங்களில் கணினியைத் திறக்கவே இல்லை. காதைப் படித்தோம்.

கபால எலும்புக்குள் புதைந்திருக்கும் உட்காது. ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தாக. உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் சற்றே பின்தங்கும்; அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள், அவற்றில் சுண்ணாம்புப் படிகங்கள். தலையின் சாய்வையும் வேகம் கூடுவதையும் குறைவதையும் அவை அறியும்.

இவ்வளவையும் கரும்பலகையில் வரைந்து முடித்த ஆசிரியர் தன் ஃபோனை உயர்த்திக் காட்டினார். இதற்குள்ளும் இதே ஏற்பாடுதான் என்றார். மூன்று அச்சுகளில் சுழற்சியை அளக்க ஜைரோஸ்கோப். மூன்று அச்சுகளில் முடுக்கத்தை அளக்க ஆக்சிலரோமீட்டர். ஹெட்செட்டிலும் அவையே. ஒரு சமநிலைக் கருவி நம் தலைக்குள் இருக்கிறது, இன்னொன்றைத் தலைமேல் கட்டிக்கொள்கிறோம். இரண்டும் ஒரே செய்தியைச் சொன்னால் உலகம் நம்பும்படி இருக்கும். மாறிச் சொன்னால் வயிறு குமட்டும்.

படத்தொகுப்பில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இந்த மாலைநேரப் படிப்புக்கு வந்தவள் நான். வகுப்பில் கணினிப் பொறியாளர்கள், கட்டடக்கலை மாணவர்கள், கண் பரிசோதனை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர். உலகங்களை உருவாக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் வந்திருந்தோம். உலகம் ஏற்கெனவே எப்படி உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதில் பாடம் தொடங்கியது.

*

இந்தப் பக்கத்தில் ஏதேனும் ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே தலையை இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். சொல் நின்ற இடத்தில் நிற்கும், படிக்கவும் முடியும். இப்போது தலையை நிறுத்திவிட்டுத் தாளை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் கலைந்துவிடும்.

தலை ஒரு பக்கம் திரும்பினால் உட்காது உடனே கண் தசைகளுக்குச் சொல்லிவிடுகிறது. கண்கள் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. யோசித்துச் செய்யும் வேலை இல்லை இது. ஏறக்குறைய 10 மில்லிநொடியில் கண் திரும்பத் தொடங்கிவிடுகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் பேருந்தின் குலுக்கலிலும் உலகம் நமக்கு நிலையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பிறந்தது முதல் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் இந்தச் சேவையை இந்த வயதில்தான் அறிந்துகொண்டேன். வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவை நிற்பதற்கு என் உடலும் உழைக்கிறது.

ஹெட்செட் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. தலை திரும்பியதும் அதைக் கண்டறிந்து, புதிய கோணத்திலிருந்து காட்சியை வரைந்து, திரையில் ஒளியாக விழச் செய்ய வேண்டும். இவ்வளவும் 20 மில்லிநொடிக்குள் முடியவேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நொடிக்கு 90 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 11 மில்லிநொடி. இரண்டு கண்களுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். காலம் தவறினால் உலகம் தலையோடு சேர்ந்து நழுவும், தண்ணீரில் மிதப்பதாகத் தோன்றும்.

சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேமை வெட்டுவதா விடுவதா என்று இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அது அழகு பற்றிய கேள்வி. இங்கே அதே கேள்வி ஒருவரின் உடல்நலத்தைப் பற்றியதாகிவிடுகிறது.

*

ஐவன் சதர்லேண்ட் 1965-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கணினித் திரை என்பது கணிதத்தின் உலகுக்குள் பார்க்க உதவும் கண்ணாடி ஆகலாம் என்ற கனவு அதில் இருந்தது. 1968-ல் அதைச் செய்தும் காட்டினார். தலையில் மாட்டும் காட்சிக் கருவி. தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அளக்க, கூரையிலிருந்து தொங்கும் ஓர் இயந்திரக் கை. தலைமேல் வாள் தொங்கும் கிரேக்கக் கதையை வைத்து அந்த அமைப்புக்கு டமாக்கிளீஸின் வாள் என்று பெயர் வழங்கியது. அதை அணிந்தவர் கண்டது வெறும் கோடுகளால் ஆன ஒரு கனசதுரம். ஆனால் கருவியின் கண்ணாடி வழியே அறையும் தெரிந்ததால், கனசதுரம் அந்த அறையின் நடுவில் மிதந்தது. நாம் இன்று ஏ.ஆர். (மிகை மெய்ம்மை) என்று தனியாகப் பிரித்துச் சொல்வது அந்த முதல் கருவியிலேயே இருந்தது.

அவருடைய 1968 கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. இரண்டு கண்களுக்கு இரண்டு படங்கள் காட்டினால் ஆழம் தெரியும் என்பது 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டோன் தன் ஸ்டீரியோஸ்கோப்பால் நிறுவிய உண்மை. சதர்லேண்ட் அதை மறுக்கவில்லை. ஆனால் தலை நகரும்போது படமும் அதற்கேற்ப மாறுவதே அதைவிட முக்கியம் என்கிறார். ஒற்றைக்கண் பார்வை உள்ளவரும் தலையைச் சற்று நகர்த்தினால் எது அருகில், எது தொலைவில் என்று அறிந்துகொள்வது இப்படித்தான்.

காண்பதற்கு அசைய வேண்டும். இந்தத் துறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

*

எழும்பூரில் நம் ரயில் நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் நகர்கிறது. ஒரு கணம் நாம்தான் புறப்பட்டுவிட்டோம் என்று உடல் நம்பிவிடுகிறது. பார்வைப் புலத்தின் பெரும்பகுதி நகர்ந்தால், நகர்வது நாமே என்று முடிவு செய்வது மூளையின் பழக்கம். ரயிலில் அது ஒரு கணத்தில் கலைந்துவிடும். தூணோ நடைமேடையோ கண்ணில் பட்டுக் காப்பாற்றும். ஹெட்செட்டுக்குள் காப்பாற்ற ஒன்றும் இல்லை. கண் நகர்கிறேன் என்கிறது, உட்காது நிற்கிறேன் என்கிறது.

ஆகவே லேபில் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படும் கட்டளை: அணிந்திருப்பவரின் கேமராவை நீங்கள் நகர்த்தாதீர்கள்.

மற்ற மாணவர்களுக்கு இது ஒரு தொழில்நுட்ப விதி. எனக்கு என் தொழிலின் அடித்தளத்தையே கழற்றி வைக்கச் சொன்ன விதி. எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எப்போது முகத்தை அண்மையில் காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதுதானே படத்தொகுப்பு? பார்ப்பவரின் கண்ணை நாம் கையில் வைத்திருக்கிறோம்; அவர் சம்மதித்துக் கொடுத்திருக்கிறார். இங்கே அந்தச் சம்மதம் செல்லாது. கேமரா அணிந்தவரின் கழுத்தில் இருக்கிறது. நான் பெரும்பாடுபட்டு அமைத்த சூரிய அஸ்தமனத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒருவர் தரையிலுள்ள கூழாங்கல்லைக் குனிந்து பார்க்கலாம். பார்க்கிறார்கள்.

அதை ஏற்க நாளாயிற்று. இப்போது அது எனக்குப் பெரிய நிம்மதி. என்னால் செய்யக்கூடியது ஓர் ஒலியை ஓரிடத்தில் வைப்பது, ஒரு வெளிச்சத்தை ஓரிடத்தில் விழவைப்பது. திரும்புவதும் திரும்பாததும் அவர் விருப்பம். இடம் மாற வேண்டுமென்றால் அவரே ஓர் இடத்தைச் சுட்டி அங்கே தாவிக்கொள்ளட்டும்; நடுவிலுள்ள பயணத்தைக் காட்ட வேண்டாம். நகர்த்தியே தீர வேண்டுமானால் பார்வையின் ஓரங்களை இருட்டாக்கு, நடுப்பகுதியை மட்டும் தெரியவிடு. இவையெல்லாம் பிறர் உடலுக்குக் காட்டும் மரியாதையின் நடைமுறை வடிவங்கள்.

*

தலை திரும்புவதைக் கணினிக்குச் சொல்ல, சுழற்சியை எண்ணால் எழுத வேண்டும்; அது இவ்வளவு கடினம் என்று நினைத்ததில்லை. இடவலம், மேல்கீழ், பக்கச்சாய்வு என்று மூன்று கோணங்களாக எழுதினால் சில நிலைகளில் இரண்டு அச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒரு திசையில் திரும்பும் சுதந்திரமே காணாமற்போகிறது. இதற்குத் தீர்வு 1843-லேயே வந்துவிட்டது. டப்ளின் நகரத்துக் கால்வாய் ஓரமாக மனைவியுடன் நடந்துகொண்டிருந்த வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு மூன்று எண்களில் கிடைக்காதது நான்கு எண்களில் கிடைக்கும் என்று பட்டது. அங்கிருந்த பாலத்தின் கல்லிலேயே சமன்பாட்டைச் செதுக்கிவைத்தார். குவாட்டர்னியன் என்ற அந்தக் கணக்குதான் இன்று ஒவ்வொரு ஹெட்செட்டிலும் தலையின் திசையைச் சொல்கிறது.

*

ஜைரோஸ்கோப் விரைவானது, ஆனால் மெல்ல மெல்ல வழி தவறும். ஒவ்வொரு அளவிலும் இருக்கும் சிறு பிழை கூட்டிக்கொண்டே போக, சிறிது நேரத்தில் தரை சாய்ந்திருப்பதாக அது நம்பத் தொடங்கும். இதற்கு டிரிஃப்ட், அதாவது விலகல் என்று பெயர்.

அதைத் திருத்துவது புவியீர்ப்பு. ஆக்சிலரோமீட்டர் நொடிக்கு நொடி தடுமாறும். கை நடுங்கினாலும் அதன் அளவு குதிக்கும். ஆனால் நீண்ட சராசரியில் அதற்குக் கீழ்த்திசை எது என்று தெரியும். எனவே கணப்பொழுதுக்கு ஜைரோவை நம்பி, நீண்டகாலத்துக்கு ஈர்ப்பை நம்பி, இரண்டையும் கலந்துகொள்கிறார்கள். திருத்தத்தையும் ஒரேயடியாகச் செய்வதில்லை. தலை அசைந்துகொண்டிருக்கும்போது, அணிந்தவருக்குத் தெரியாத அளவில், கொஞ்சம் கொஞ்சமாக.

இடவலத் திருப்பத்தை ஈர்ப்பு திருத்தாது. கீழ் எது என்று பூமி எல்லோருக்கும் சொல்கிறது. வடக்கு எது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், காந்தமானியிடமோ கேமராவிடமோ. இந்தப் பாடத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

*

ஏ.ஆர். பகுதிக்கு வந்தபோது கவனம் தலையிலிருந்து தரைக்கு இறங்கியது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் விமானங்களுக்கான கம்பிக் கட்டுகளைத் தொழிலாளர்கள் அமைக்கும் பலகைகளின்மேல் வழிகாட்டும் கோடுகளை நேரடியாகக் கண்ணுக்குக் காட்ட முடியுமா என்று யோசித்தார்கள். பிறகு 1997-ல் ரொனால்ட் அசுமா, ஒன்றை ஏ.ஆர். என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் வைத்தார். மெய்யும் கற்பனையும் கலந்திருக்க வேண்டும். அந்தந்தக் கணத்திலேயே இயங்க வேண்டும். முப்பரிமாணத்தில் இடம் பிசகாமல் பொருந்த வேண்டும். மூன்றாவதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதியைத் தின்கிறது.

ஃபோன் தரையைக் கண்டுபிடிப்பது தரையிலுள்ள புள்ளிகளைக் கொண்டு: ஒரு விரிசல், ஒரு கறை, ஒரு கோட்டின் முனை. ஃபோன் நகர, அந்தப் புள்ளிகள் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்த்து, தான் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் தரையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பிரதிபலிப்புகளும் ஏமாற்றும். வைத்த பொருள் வழுக்கிக்கொண்டு போகும். பழைய வீடுகளின் மொசைக் தரையில் கல் போல நிற்கும். அந்தக் கருப்பு, வெள்ளை, செங்கல் நிறச் சில்லுகள் ஒவ்வொன்றும் ஃபோனுக்கு ஓர் அடையாளம். பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு மண்பானையை வைத்துவிட்டு, சுற்றி நடந்து, சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது.

 

*

லேபில் ஒருவர் ஹெட்செட் மாட்டினால் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. சுவரில் மோதாமல், இல்லாத மேசையில் கை ஊன்றி விழாமல் பார்த்துக்கொள்ள. காவல் நிற்பது என்று சொல்வோம். படிப்பில் நான் மிகுதியாகக் கற்றது அப்படிக் காவல் நின்ற நேரங்களில்.

எங்கள் குழு செய்தது ஒரு கோயில் குளம். படிக்கட்டுகள், பாசி, தண்ணீரில் வானம். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவை அழைத்து அணியச் சொன்னோம். படி ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடியில் சமதரை என்று அவருக்கும் தெரியும். “தெரியுதும்மா, ஆனா கால் வரமாட்டேங்குது” என்றார். பிறகு புடவைக் கொசுவத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாக எடுத்து வைத்தார். தண்ணீரில் புடவை நனைந்துவிடக்கூடாதே என்ற பழக்கம். நாங்கள் வரைந்தது நிறங்களை. தண்ணீரை அங்கே கொண்டுவந்தது அவருடைய வாழ்க்கை.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரூக்ஸ் குழுவினர் இதையே முறையாக அளந்தார்கள். 2002-ல் வெளியான அவர்களின் ஆய்வில், மெய்நிகர் அறையின் நடுவில் ஓர் ஆழமான குழி. விளிம்பில் நிற்பவரின் இதயத்துடிப்பு உண்மையிலேயே உயர்ந்தது. விளிம்பு இருக்கும் இடத்தில் நிஜத்தில் ஒன்றரை அங்குல மரப்பலகை ஒன்றை வைத்தபோது இன்னும் உயர்ந்தது. பாதத்துக்குக் கிடைத்த அந்தச் சிறு சான்று போதுமானதாக இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் தொடுகையைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது ஏன் என்று இந்த ஆய்வைப் படித்தபோது புரிந்தது. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உடலை நம்பவைக்க முடியாது.

*

உருவாக்குகிறவர் தன் உணர்வை நம்பக்கூடாது. 1890களில் ஜார்ஜ் ஸ்டிராட்டன் உலகைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை நாட்கணக்கில் அணிந்திருந்தார். முதலில் தடுமாற்றம், போகப் போகக் கையும் காலும் பழகிக்கொண்டன. எங்களுக்கும் அதுவே நடக்கிறது. ஒரே காட்சிக்குள் திரும்பத் திரும்பப் போய்வந்தால் அதன் குறைகளுக்கு உடல் பழகிவிடும். தாமதம் தெரியாது, சாய்வு தெரியாது. புதிதாக ஒருவர் அணிந்து இரண்டு நிமிடத்தில் முகம் வெளிறும்போதுதான் உண்மை தெரியும். அவரை நாங்கள் தேற்றும்போது “எனக்குத்தான் ஒத்துக்கல போல” என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். அது என்னை மிகவும் வருத்தும்.

கண் பரிசோதகத் தோழி இதில் ஒன்றை விடாப்பிடியாகச் சொல்வார். இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குச் சராசரியாகக் குறைவு. லென்ஸ்களுக்கு இடையிலான தூரம் அதற்குப் பொருந்தாவிட்டால் மயக்கம் கூடுகிறது. பெண்களுக்கு வி.ஆர். ஒத்துக்கொள்வதில்லை என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். கே ஸ்டேனியும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பொருந்தாமையே அதற்கு முக்கியக் காரணம் என்று காட்டியது. தோழி ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து, லென்ஸைச் சரிசெய்த பிறகே அணிய விடுவார். அவர் செய்யும்வரை நாங்கள் வரிசையில் நிற்போம்.

*

எழுத்து விஷயம். குளக்கரையில் ஒரு கல்வெட்டுப் பலகை வைக்க விரும்பினோம். நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் ‘கொ’ உடைந்தது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. தமிழில் சில குறிகள் தட்டச்சில் பின்னால் வந்தாலும் பார்வைக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதி அதில் இல்லை. கடைசியில் கல்வெட்டை ஒரு படமாக வரைந்து ஒட்டினோம். நிழல்களைக்கூடக் கச்சிதமாக வரையும் கருவியில் ஒரு மொழியின் எழுத்து சேர்ந்து நிற்கவில்லை என்பது எனக்குச் சிறிய செய்தி அல்ல. வகுப்பிலுள்ள இரண்டு இளைஞர்கள் இப்போது அதற்கான நிரலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் படிப்பிலிருந்து வெளிவரும் நல்ல வேலைகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

*

1990களின் பிற்பகுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராண்டி பாஷ் நடத்திய ‘மெய்நிகர் உலகங்களை அமைத்தல்’ என்ற வகுப்பைப் பற்றி ஆசிரியர் அடிக்கடி பேசுவார். கலை, நாடகம், வடிவமைப்பு, கணினி என்று வெவ்வேறு துறை மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்ப்பார் பாஷ். இரண்டு வாரத்தில் ஓர் உலகம். பிறகு குழுவைக் கலைத்து மறுபடியும் சேர்ப்பார். சுட்டுத் தள்ளும் வன்முறையும் ஆபாசமும் கூடாது என்று இரண்டே தடைகள்.

நம் கல்லூரிகளில் இந்தப் படிப்புகள் இப்போது பெருகுகின்றன. பெரும்பாலும் கணினித் துறைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. அவற்றை வகுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் மாதம் மென்பொருளைத் தள்ளிவையுங்கள். உடலியங்கியல் ஆசிரியரை அழையுங்கள். கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து, நாலாபக்கமும் சனம் உட்கார்ந்திருக்கும் களரியில் பார்வையை எப்படித் தன்பால் திருப்புகிறார் என்று கேளுங்கள். மாணவர் ஒவ்வொருவரையும் காவல் நிற்கச் சொல்லுங்கள்.

ஹெட்செட் வாங்க வசதி இல்லை என்று தயங்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். வி.ஆர். ஹெட்செட் செய்த ஓக்குலஸ் நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் தலையசைவைக் கண்டறியும் முறையை அமைத்தவர்களுள் ஒருவரான ஸ்டீவன் லவால், 2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் வி.ஆர். பற்றி ஒரு முழு விரிவுரை வரிசையை நடத்தினார். அது என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் எழுதிய பாடநூலையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கண்ணையும் உட்காதையும் பற்றிய பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றைப் படிக்க ஹெட்செட் தேவையில்லை.